துணைவரின் மருந்துச் செலவும் காப்பீடும்

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய ஒருவரின் மனைவி, இரண்டாம் மாத இறுதியில் எங்கள் நோயாளர் உதவிப் பிரிவுக்கு ஒரு துணிப்பையுடன் வந்தார். பை நிறைய மாத்திரை அட்டைகளும் மருந்துக்கடை பில்களும் இருந்தன. “இவரோட மாத்திரை தீரவே மாட்டேங்குதுங்க. போன மாசம் வாங்கினதே இன்னும் பாதி இருக்குது” என்றார். டிகாக்ரெலர் என்னும் மருந்தைக் காலையும் இரவும் உட்கொள்ளுமாறு மருத்துவர் எழுதியிருந்தார். கணவரோ, மருந்துக்கடையில் மாதத் தொகையைக் கண்ட நாள் முதல் இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். அதை மனைவியிடமும் சொல்லவில்லை. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோமே என்ற எண்ணம் அவரை வாய் திறக்க விடவில்லை.

ஸ்டென்ட் பொருத்தியபின் தரப்படும் இரத்தக் கட்டுத் தடுப்பு மருந்துகளை இவ்வாறு குறைப்பது, மிகவும் ஆபத்தானது. ஸ்டென்டின் உட்புறம் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மீண்டும் மாரடைப்பு நேரலாம். அது உயிரைப் பறிக்கவும் கூடும். அந்த அம்மையார் அட்டைகளை எண்ணிப் பார்த்ததனால்தான் செய்தி வெளிவந்தது. அன்றைக்கே இதயநோய் மருத்துவர் அவர் கணவரைப் பார்த்தார். அதே மருந்தை வேறு நிறுவனம் குறைந்த விலையில் தயாரிப்பதைச் சுட்டி, சீட்டை மாற்றி எழுதினார். மருத்துவமனையில் இருந்தபோது தொடங்கி, பிறகு எவரும் நிறுத்தச் சொல்லாததனால் தொடர்ந்துவந்த ஒரு சத்து மாத்திரையையும் ஒரு வயிற்றுப்புண் மாத்திரையையும் நீக்கினார். மாதச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அந்த வயிற்றுப்புண் மாத்திரை சிலருக்குக் கட்டாயம் வேண்டியதாகும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எதை நீக்கலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அமர்ந்து நாமே முடிவு செய்யலாகாது.

கணவன் மனைவியருள் ஒருவர் நோயுற்றால் மற்றவரே செவிலியராகவும் கணக்கராகவும் ஆகிவிடுகிறார். செவிலியர் பணியைப் பற்றி இவ்விதழில் பலமுறை எழுதியிருக்கிறோம். இம்முறை கணக்கர் பணியைப் பற்றிப் பேசுகிறோம்.

மருத்துவரிடம் விலையைப் பேசுதல்

மருத்துவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவென்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அது தவறு. “இந்த மருந்தைத் தொடர்ந்து வாங்க எங்களால் இயலவில்லை, இதற்கு ஈடான, விலை குறைந்த மருந்து உண்டா?” என்று நேராகக் கேளுங்கள். ஒரு வேளையை விட்டுவிட்ட நோயாளியைக் காட்டிலும், இயலாமையை வெளிப்படச் சொல்லும் நோயாளியை மருத்துவருக்கு எளிதில் கையாள முடியும். விட்டுவிட்டதை அறியாத மருத்துவர், மருந்து பலிக்கவில்லையென்று எண்ணி மேலும் ஒன்றைச் சேர்ப்பார், செலவு கூடும்.

மாத்திரையின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று நிறுவனம் சூட்டிய வணிகப்பெயர். மற்றொன்று மருந்தின் உண்மையான பெயர். இதனைப் பொதுப்பெயர் என்பர். ஒரே பொதுப்பெயரில், ஒரே அளவில், பல நிறுவனங்களின் மாத்திரைகள் வெவ்வேறு விலையில் கிடைக்கின்றன. பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமாயின் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டுமென்று மருத்துவர்களுக்கான நன்னடத்தை விதி 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. ஆகவே பொதுப்பெயரை எழுதித் தருமாறு கேட்பதில் தயக்கம் வேண்டா.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் “இதுவும் அதேதான்” என்று வேறொன்றைத் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக மற்றொன்றைத் தாமாக மாற்றித் தருவதற்கு நம் நாட்டு மருந்து விதிகள் கடைக்காரரை அனுமதிக்கவில்லை. தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான பெனிடாயின், இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், சிறுநீரக மாற்றத்துக்குப் பின் தரப்படும் டாக்ரோலிமஸ் ஆகியவை சிறு அளவு வேறுபாட்டையும் உடல் உணரக்கூடிய மருந்துகள். இவற்றில் நிறுவனத்தை மாற்றவேண்டுமாயின் மருத்துவர் அறிய மாற்றவேண்டும். சிலவற்றுக்கு மாற்றியபின் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். மாத்திரையை உடைத்துப் பாதி உண்ணும் பழக்கமும் அவ்வாறே. மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளையும், குடலில் மட்டுமே கரையும்படி உறையிட்ட மாத்திரைகளையும் உடைத்தால் அவற்றின் செயலே மாறிவிடும்.

குறைந்த விலையில் வாங்கும் இடங்கள்

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. வணிகப்பெயர் மருந்துகளைவிட 50 முதல் 90 விழுக்காடு வரை விலை குறைவு என்று அத்திட்டம் அறிவிக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. எல்லா மருந்தும் எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்குமென்று எண்ணிவிட வேண்டா. மருந்து தீருவதற்கு ஒரு வாரம் முன்பே சென்று கேளுங்கள். கடைசி மாத்திரை தீர்ந்த இரவில் ஓடுபவர், கிடைத்த விலைக்கு வாங்கும் நிலைக்கு ஆளாகிறார்.

சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மட்டும் மருந்து உண்பவர்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை ஏன் நாடுவதில்லை என்று நாங்கள் வியந்ததுண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் இம்மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. தனியார் மருத்துவமனையில் இதயத்துக்குச் சிகிச்சை பெறுபவர், சர்க்கரை மாத்திரையை அரசு நிலையத்தில் பெறுவதில் தடை ஏதுமில்லை. இரு இடத்திலும் மருந்துப் பட்டியல் முழுவதையும் காட்டினால் போதும்.

அட்டையில் அச்சிட்ட உச்சவிலைக்கு மேல் எவரும் வாங்கலாகாது என்பதை அனைவரும் அறிவர். இன்றியமையா மருந்துகள் பலவற்றுக்கு அந்த உச்சவிலையையே தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி வரையறுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ‘ஃபார்மா சஹி தாம்’ என்னும் அவ்வாணையத்தின் செயலியில் பொதுப்பெயரை இட்டால், ஒரே மருந்தின் பல நிறுவன விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புற்றுநோய்க்கு மருந்துண்ணும் குடும்பங்கள் மற்றொன்றும் அறிக: 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக இலாபம் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாதென வரம்பு விதிக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய் வகையொன்றுக்குத் தரப்படும் இமாட்டினிப் மருந்தின் புதுவடிவத்துக்குக் காப்புரிமை கிடையாதென 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அம்மருந்து பல நிறுவனங்களிடமிருந்து எட்டும் விலையில் கிடைக்கிறது.

காப்பீடு எதைத் தரும், எதைத் தராது

எங்கள் பிரிவுக்கு வருவோருள் பெரும்பாலோர், காப்பீடு இருந்தால் மாத மருந்துக்கும் பணம் வருமென்று நம்பியிருக்கின்றனர். வழக்கமான மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குரியது. வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரைகளுக்கு, தனியாக அதற்கென்று பிரீமியம் செலுத்திச் சேர்த்துக்கொண்டாலொழிய, பணம் வாராது. ஆயினும் இதில் ஒரு வாசல் உண்டு. சேர்க்கைக்கு முந்தைய நாட்களிலும், வீடு திரும்பிய பிந்தைய நாட்களிலும் அதே நோய்க்காக வாங்கிய மருந்துக்கும் செய்த பரிசோதனைக்கும் பாலிசிகள் பணம் தருகின்றன. முன்பு 30 நாள், பின்பு 60 நாள் என்பது பல பாலிசிகளில் காணும் அளவு; சிலவற்றில் கூடுதலாகவும் உண்டு. உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்பதைப் படித்து, பாலிசித் தாளின் மேலேயே எழுதிவையுங்கள்.

துணிப்பையுடன் வந்த அம்மையாருக்கு இது தெரிந்திருக்கவில்லை. மருத்துவமனைத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் நேரடியாகச் செலுத்திவிட்டதால் கணக்கு முடிந்ததென்று எண்ணியிருந்தார். பையிலிருந்த பில்களை எடுத்து அடுக்கினோம். அவற்றுள் பாதி அவருடைய பெயரிலேயே போடப்பட்டிருந்தன. கடையில் “பேர் சொல்லுங்க” என்று கேட்டபோது தம் பெயரைச் சொல்லியிருக்கிறார். யாரும் அப்படித்தானே சொல்வார்கள்? நோயாளியின் பெயரில் இல்லாத பில்லைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. மருந்துச்சீட்டைக் காட்டி, கணவர் பெயரில் பில்களைத் திருத்தி வாங்கிவரச் செய்தோம். கெடு முடிவதற்குச் சில நாட்களே இருந்தன.

ஆகவே மருந்து வாங்கும்போது நோயாளியின் பெயரையே சொல்லுங்கள். தேதியும் கடை முத்திரையும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் உரிய மருந்துச்சீட்டும் வேண்டும். வெயிலிலும் வியர்வையிலும் எழுத்து மறையும் தாளில் சில கடைகள் பில் தருகின்றன. அன்றே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் அசல் ஒரு கோப்பில் இருக்கட்டும். நகலைக் கையில் வையுங்கள்.

நாள் முழுதும் படுக்கையில் தங்காத சிகிச்சைகளிலும் பல காப்பீட்டுக்குள் வரும். டயாலிசிஸ், கீமோதெரபி ஆகியவை இவ்வாறு பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்படுகின்றன. வாய்வழி உட்கொள்ளும் கீமோதெரபி, ஊசியாகத் தரப்படும் சில நோயெதிர்ப்பு மருந்துகள் முதலிய 12 நவீனச் சிகிச்சைகளை ஒதுக்கலாகாதெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. எனினும் அவற்றுக்கு நிறுவனம் ஓர் உள்வரம்பு வைக்கலாம். புற்றுநோய் மாத்திரைக்கு விலை கேட்டு மலைத்துப்போகும் குடும்பத்தினர், முதலில் பாலிசியில் அந்த வரம்பைத் தேடிப் பார்க்கவேண்டும்.

அறை வாடகையால் வரும் இழப்பு

இது மருந்தைப் பற்றியதன்று. ஆயினும் மருந்துக்கென ஒதுக்கிய பணத்தைக் கரைத்துவிடுவது பெரும்பாலும் இதுவே என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். பாலிசி நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறை வாடகையை அனுமதிக்கிறது. துணைவர் நலமாக இருக்கட்டுமென்று 6,000 ரூபாய் அறையை எடுக்கிறீர்கள். ஐந்து நாளில் வேறுபாடு 15,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அறை வகைக்கேற்ப மருத்துவர் கட்டணமும் அறுவைக் கட்டணமும் மாறும் மருத்துவமனையாயின், அவற்றையும் நிறுவனம் அதே விகிதத்தில் குறைக்கும். மொத்த பில் 2,00,000 என்று கொள்வோம்: அறை 30,000, அறையோடு சேர்ந்த கட்டணங்கள் 1,00,000, மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகள் 70,000. அறையில் பாதி 15,000, கட்டணங்களில் பாதி 50,000, மருந்து முதலியவை முழுமையாக 70,000. ஆக நிறுவனம் தருவது 1,35,000. நீங்கள் கட்ட வேண்டியது 65,000. மருந்து, பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பைச் செய்யலாகாது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் அது பொருந்தாது. அவற்றிலும் குறைத்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

நேரடிச் செலுத்துகைக்கு மருத்துவமனை அனுப்பும் வேண்டுகோளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும் நாளின் இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் விடையளிக்க வேண்டுமென 2024 மே மாதம் ஆணையம் சுற்றறிக்கை விடுத்தது. அதற்குமேல் தாமதித்துக் கூடுதல் கட்டணம் ஏறினால் அதை நிறுவனமே ஏற்கவேண்டும்.

ஒருவர் வேலையால் இருவருக்கும் காப்பு

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டைப் பலர் மறந்தேவிடுகின்றனர். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளரின் கணவர் அல்லது மனைவிக்கும் அதன் மருந்தகங்களில் வெளிநோயாளி மருந்து கட்டணமின்றிக் கிடைக்கும். தனியார் காப்பீடு தராத மாத மாத்திரையை இது தருகிறது. ஐந்தாண்டு உறுப்பினராயிருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் மருத்துவப் பயனைத் தொடரலாம். பின்னலாடை ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர், தம் மனைவியின் ஆஸ்துமா மருந்துக்கு ஓய்வூதியத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டுக்கொண்டிருந்தார். இச்செய்தியைக் கேட்டதும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டார்.

நிறுவனம் ஊழியர்களுக்கு எடுத்துத்தரும் குழுக்காப்பீட்டில் துணைவரும் சேர்ந்திருப்பார். வேலையை விட்ட நாளில் அது முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வழி உண்டு. ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஆனால் வேலையிலிருந்து விலகுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகவேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு வருமான வரம்பு இல்லை. 70 வயதைக் கடந்தவர்கள் வருமானம் எவ்வளவாயினும் ஆயுஷ்மான் திட்ட அட்டை பெறலாமென 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. நோய் வந்தபின் சான்றிதழுக்கு அலைவதைவிட, நலமாயிருக்கும்போதே அட்டையைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நோயை மறைத்தல்

“சர்க்கரை இருக்குன்னு எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும்” என்று எவரேனும் சொல்லியிருக்கக்கூடும். அவ்வாறு எழுதாமல் விட்ட ஒரு சொல்லால், பின்னர் இலட்சக்கணக்கான ரூபாய்க் கோரிக்கை மறுக்கப்பட்டதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பாலிசி இடையறாமல் 60 மாதம் நடந்துவிட்டால், மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி மறைத்த காரணம் காட்டி நிறுவனம் மறுக்க இயலாது. இதனால்தான் புதுப்பிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள் என்று வற்புறுத்துகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சரக்கு, சேவை வரி நீக்கப்பட்டது. அதே நாள்முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலைக்கே கேட்பவரிடம் இதை நினைவூட்டலாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதவேண்டும். ஒரு மாதத்தில் விடை வாராவிட்டாலும், வந்த விடை ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மருத்துவரின் விளக்கக் கடிதம் வேண்டுமாயின் எங்கள் பிரிவில் கேளுங்கள்; நோய் எப்போது முதன்முதலில் அறியப்பட்டது என்பதைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித்தருவோம்.

வருமான வரி செலுத்துவோர்க்கு ஒரு சொல். பழைய வரிமுறையைத் தேர்ந்தோர், காப்பீடே இல்லாத 60 வயது கடந்த துணைவருக்கான மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த பணம் இதில் சேராது. மருந்துக்கடையில் கைப்பேசி வழியாகவோ வங்கி அட்டையாலோ செலுத்தி, பில்லைச் சேர்த்து வையுங்கள்.

உதவிப் பிரிவுக்கு வரும்போது பாலிசித் தாள், குடும்ப அட்டை, கடைசி மருந்துச்சீட்டு, இப்போது உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துவாருங்கள். காலி அட்டைகளையும் எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். எத்தனை மாத்திரை உண்ணப்பட்டது என்பதை அவற்றைக் கொண்டே அறிகிறோம். அந்த அம்மையார் இப்போது சமையலறை நாட்காட்டியில் காலைக்கு ஒரு கோடும் இரவுக்கு ஒரு கோடும் இட்டுவருகிறார். இரவுக் கோட்டை மட்டும் கணவரே இடவேண்டுமென்பது அவர் வீட்டில் வைத்த ஏற்பாடு.